அடையாறு முகத்துவாரத்தைக் கண்காணிப்பது எப்படி: கிழமையை விடுங்கள், திதியைப் பிடியுங்கள்

அடையாறு கடலில் சேரும் இடத்தைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், தண்ணீர், பறவை, மீன் என்று எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகளோ குடியிருப்புச் சங்கத்துக்காரர்களோ வந்து கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதுதான்: கருவி வாங்கப் போவதற்கு முன்னால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். அமாவாசை எப்போது, அஷ்டமி எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தில் நீங்கள் எடுக்கும் எந்த எண்ணையும் படிப்பதற்கு அதுதான் சாவி.

நாங்கள் தொடங்கியபோது இது எங்களுக்குத் தெரியாது. எல்லோருக்கும் லீவு என்பதால் ஞாயிறு காலை 7 மணி என்று முடிவு செய்து, பல மாதங்கள் விடாமல் போனோம். ஒரு ஞாயிறு தண்ணீரில் உப்பு நன்றாக ஏறியிருக்கும், அடுத்த ஞாயிறு மளமளவென்று இறங்கியிருக்கும், அதற்கடுத்த வாரம் மறுபடி ஏறும். மழையே இல்லாத மாதத்தில் இப்படி ஆடுகிறதே, மேலே எங்கேயோ சாக்கடையைத் திறந்து விடுகிறார்கள் போல என்று நினைத்து, கரையோரமாகத் தேடிக்கொண்டு சைதாப்பேட்டை வரை போனோம். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆடியது கடல். நிலாவின் இழுப்பில் கடல்மட்டம் ஏறி இறங்குவதுதான் ஓதம். அது ஏறி இறங்கி மறுபடி ஏறுவதற்குச் சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், ஏழு நாளில் அது கிட்டத்தட்ட 6 மணி நேரமாகிவிடும். இந்த ஞாயிறு 7 மணிக்கு ஏற்றம் என்றால் அடுத்த ஞாயிறு அதே 7 மணிக்கு வற்றம். அத்தனை மாதக் குறிப்பையும் திரும்ப எடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அன்றைய ஓத நிலையை எழுதிப் பார்த்தபோதுதான் அதில் பாதிக்கு மேல் நிலாவின் கணக்கு என்று புரிந்தது.

அமெரிக்காவில் கழிமுகங்களை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிப் பாதுகாக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு கடற்கரை மண்டலச் சட்டத்தில் பிறந்தது, முதல் காப்பகம் 1974-இல் ஒரேகான் மாநிலத்தின் சவுத் ஸ்லூவில் வந்தது. 1995-லிருந்து அந்தக் காப்பகங்கள் எல்லாம் ஒரே முறையில் அளக்கின்றன: இப்போது தண்ணீருக்குள்ளேயே தொங்கும் கருவி 15 நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பம், உப்பு, ஆக்சிஜன், பி.எச்., கலங்கல், ஆழம் ஆகியவற்றைப் பதிவு செய்யும், மாதம் ஒருமுறை ஆள் போய் ஊட்டச்சத்துகளுக்குத் தண்ணீர் எடுப்பார். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பவருக்கு ஓதம் ஒரு பிரச்சினையே இல்லை, ஏறுவதும் இறங்குவதும் முழுசாகவே பதிவாகிவிடும். மாதம் இரண்டு தடவை வாளியோடு போகிற நமக்குத்தான் அது தலையாய பிரச்சினை. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விலையுயர்ந்த கருவியை அல்ல (அடையாற்றில் அதைத் தொங்கவிட்டால் ஒரே வாரத்தில் பாசியும் கசடும் மூடிவிடும், திருடு போகவும் கூடும்), ஒரே இடம், ஒரே முறை, ஒரே ஓத நிலை, வருஷக்கணக்கில் என்கிற பிடிவாதத்தை.

சரி, எப்படி நாள் குறிப்பது?

ஒவ்வொரு ஊர்க் கடலிலும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் வரும். நம் சென்னையில் அது காலைப் பொழுது. அஷ்டமியை ஒட்டி, அதாவது அரை நிலா நாட்களில், அதே காலைப் பொழுதில் வற்றம். ஆகவே ஒவ்வொரு அஷ்டமியன்றும் காலையில் போனால் வருஷம் முழுக்க உங்களுக்கு ஒரே ஓத நிலையும் ஒரே நேரமும் கிடைக்கும். அமாவாசைக்கு ஒரு தடவை, அஷ்டமிக்கு ஒரு தடவை என்று மாதம் இரண்டு சுற்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் உள்ளே வந்திருக்கும்போது ஒன்று, ஆறு வெளியே போகும்போது ஒன்று. சரியான மணியைச் சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையில் பாருங்கள், கடல் தகவல் தரும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் கணித்து வெளியிடுகிறது. ஆனால் அது துறைமுகத்தின் கணக்கு. முகத்துவாரம் குறுகியிருந்தால் உள்ளே ஓதம் தாமதமாகத்தான் ஏறும், அதனால் கரையில் அசையாத ஏதாவது ஒரு தூணில் சென்டிமீட்டர் கோடுகள் போட்டு வைத்து, போனதும் திரும்பும்போதும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். இங்கே பெரிய ஓதத்திலும் வித்தியாசம் ஏறக்குறைய 1 மீட்டர்தான், ஆகவே சென்டிமீட்டர் முக்கியம்.

அனுமதி

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இதே வேலைக்கு அடையாற்றை விட்டு வேறு இடங்களுக்கும் போவதாக இருந்தால், பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-லிருந்து பறவைகள் சரணாலயம். அங்கே ஆராய்ச்சி என்று போனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 28-இன் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். 2022-இல் ராம்சார் தளமான (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த) பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் வனத்துறையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அடையாற்றுக் கழியில் இருக்கும் தொல்காப்பியப் பூங்காவைச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது, உள்ளே போய் ஏதாவது செய்வதாக இருந்தால் அவர்களுக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தில் எத்தனை பேர், எந்தெந்த நாள், எந்த இடம், என்ன எடுப்பீர்கள், எதை எடுக்க மாட்டீர்கள், தரவை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். நீளமான முன்னுரை யாருக்கும் வேண்டாம்.

அதே அளவு முக்கியமான இன்னொரு அனுமதி ஊர் நிர்வாகத்தினுடையது. ஊரூர் குப்பமோ சீனிவாசபுரமோ, எந்தப் பக்கம் இறங்கினாலும் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். அந்தத் தண்ணீரில் பிழைப்பவர்கள் அவர்கள்.

இடம் தேர்வு

ஐந்து இடம் போதும். மணல் திட்டை ஒட்டிய முகத்துவாரம், உடைந்த பாலத்துக்குக் கீழ்ப்பக்கக் கரை, திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலம். பாலங்களில் கயிறு கட்டிய வாளியை நடு ஆற்றில் இறக்கலாம் என்பதுதான் வசதி, கரையோரத் தண்ணீர் ஆற்றைக் காட்டாது. உடைந்த பாலத்தின் மேல் மட்டும் ஏறாதீர்கள். 1977-லிருந்து இடிந்து நிற்கிற பாலம் அது. எந்தக் கைப்பிடிச் சுவரில், எத்தனையாவது விளக்குக் கம்பத்துக்கு நேராக வாளியை இறக்கினீர்கள் என்று எழுதி, ஒரு போட்டோவும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் வேறு ஆட்கள் வருவார்கள். எது வரைக்கும் உப்பு ஏறுகிறது என்பதை இந்த ஐந்தையும் ஒரே காலையில் அளந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம், அது பருவத்துக்குப் பருவம் நகரும்.

முதலில் வாயைப் பாருங்கள்

தண்ணீரைத் தொடும் முன்னால் முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, திறந்திருந்தால் எத்தனை அடி என்று எழுத வேண்டும். வருஷத்தின் பெரும்பகுதி நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இதனால்தான். மழைக்கால வெள்ளம் முகத்துவாரத்தை அகலமாக உடைத்துவிடும், வெள்ளம் வடிந்த பிறகு அதே மணல் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும், அப்புறம் ஜே.சி.பி. வந்து வெட்டும். அந்த வெட்டு நடந்த தேதியை எப்படியாவது தெரிந்து எழுதுங்கள். வாய் மூடியிருக்கும்போது எடுத்த அளவையும் திறந்திருக்கும்போது எடுத்த அளவையும் ஒரே கோட்டில் சேர்த்தால் மொத்த உழைப்பும் வீண். குறிப்பிட்ட ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ எடுங்கள். இரண்டு வருஷப் போட்டோக்களை வரிசையாக வைத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

உப்பு

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவி போதும், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கடல்மீன் தொட்டி விற்பவர்களிடம் கேளுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை விட்டு 0 காட்டுகிறதா என்று ஒவ்வொரு நாளும் சரிபார்க்க வேண்டும். அது மட்டும் போதாது, மேல் முனையும் சரியாக இருக்க வேண்டும். சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 963.5 கிராம் கலந்தால் ரிஃப்ராக்டோமீட்டரில் கடல்நீர் மாதிரியே ஆயிரத்துக்கு 35 காட்ட வேண்டும். சொட்டு விட்ட பிறகு அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள். வெயிலில் கிடந்த கருவியும் பாலத்தடி நிழல் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர அவ்வளவு நேரம் ஆகும்.

வெளிக்கடல் நீர் சுமார் 35. ஆற்று நீர் 0-வை ஒட்டி. இடையில் எல்லாமே கழிமுகம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நம் கடலே சற்று நீர்த்திருக்கும் என்பதால், அதே நாளில் பெசன்ட் நகர் கடற்கரையில் அலைக்குள் ஒரு பாட்டில் எடுத்து அதையும் அளந்துவிடுங்கள். அதுதான் அன்றைய நூறு மார்க்.

இந்த உப்பு விஷயத்தில் எங்களுக்குக் கண்ணைத் திறந்தவர் வீச்சு வலையோடு நின்றிருந்த ஒரு பெரியவர். வாளியில் மொண்டு, உப்பு ரொம்பக் கம்மி என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "இன்னா தம்பி, மேல மொண்டு பாத்தா இன்னா தெரியும்? கீய போய் எட்து பாரு, கடலு அங்க கீது." உப்புத் தண்ணீர் கனம், ஆற்றுத் தண்ணீர் லேசு. ஓதம் ஏறும்போது கடல் அடியில் ஆப்பு மாதிரி நுழைய, சாக்கடை கலந்த ஆறு மேலே மிதந்து போகும். மேலே 5 இருக்கும்போது கீழே 25 இருக்கலாம். அன்றிலிருந்து எல்லா இடத்திலும் மேல் தண்ணீர், அடித் தண்ணீர் என்று இரண்டு எடுக்கிறோம்.

அடித் தண்ணீர் எடுக்க கனமான கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கல்லோடு சேர்த்துக் கட்டி, கழுத்தில் இறக்கும் கயிறு, தக்கையில் தனியாக ஒரு நூல். தரைக்கு ஒரு அடி மேலே நிறுத்தி நூலைச் சுண்டினால் தக்கை கழன்று பாட்டில் நிறையும், குமிழ் வருவது நின்றதும் இழுங்கள். உப்புக்கு இது நன்றாக வேலை செய்யும். ஆக்சிஜனுக்கு ஆகாது, ஏனென்றால் நிறையும்போதே பாட்டிலுக்குள் இருந்த காற்று தண்ணீரில் கலந்துவிடும். அதற்கு இருமுனையும் திறந்து மூடும் குழாய் மாதிரியான சேகரிப்பான் வேண்டும், பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் விற்பவர்களிடமோ கல்லூரிகளிலோ கேட்டால் கிடைக்கும்.

ஆக்சிஜன்

என்னைக் கேட்டால் அடையாற்றில் மிக முக்கியமான எண் இது. 30 டிகிரி சூட்டில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும், கடல் தண்ணீர் 6.2 அளவுக்குத்தான். அதாவது நம் ஊர் வெயிலில் எடுத்த எடுப்பிலேயே கையிருப்பு குறைவு. அதில் சாக்கடையைக் கலந்தால் நுண்ணுயிர்கள் இருப்பதையும் தின்றுவிடும். 4-க்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும், 2-க்குக் கீழே பெரும்பாலானவை பிழைக்காது. மடவைகள் விடியற்காலையில் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதற்குக் காரணம் இதுதான். இரவு முழுக்கப் பாசியும் மூச்சு விட்டு ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், விடியும் முன்னால்தான் இருப்பு மிகக் குறைவு. மதியம் அதே பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியே விட்டு, எண்ணை நிறைவுக்கும் மேலே தூக்கிக் காட்டும். மதியம் 2 மணிக்கு அளந்து ஆறு நன்றாக இருக்கிறது என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த மீனுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

மீட்டர் வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் 1888-இல் விங்க்ளர் கண்டுபிடித்த முறை இன்றைக்கும் நம்பகமானது, கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஒருவர் கூட இருந்தால் போதும். 300 மில்லி பாட்டிலில் குமிழ் இல்லாமல் வழிய வழிய நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் சேர்ந்த அயோடைடு அசைடு கரைசலும் தலா 2 மில்லி, பிப்பெட்டின் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். இல்லாவிட்டால் வெள்ளையாக நிற்கும். பாலத்தின் மேல் நின்று அந்த வெள்ளையை முதல் தடவை பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள், எண் எதுவும் தேவையில்லாமலே தெரிந்துவிடும். திரி படிந்ததும் அடர் கந்தக அமிலம் 2 மில்லி, பிறகு அன்றைக்கே லேபில் தயோசல்பேட் கொண்டு டைட்ரேஷன். அமிலம், அசைடு இரண்டையும் ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும், மிச்சத்தை ஆற்றில் கொட்டாமல் லேபுக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு வருஷத்தில் இரண்டு முறையாவது, கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று, 25 மணி நேரம் தொடர்ந்து உட்காருங்கள். திரு.வி.க. பாலம் அதற்கு நல்ல இடம். மணிக்கு ஒருமுறை வெப்பம், மேல் உப்பு, அடி உப்பு, ஆக்சிஜன், நீர்மட்டம். ஆறு பேர் இருந்தால் நான்கு மணி நேர ஷிப்டில் சமாளிக்கலாம், காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். 25 மணி நேரத்தில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒரு பகல், ஒரு இரவு எல்லாம் அடங்கிவிடும். அதற்கப்புறம்தான் உங்கள் அஷ்டமிக் காலை எண் அந்த நாளின் எந்தப் பகுதியைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று உங்களுக்கே விளங்கும்.

மற்றவை சுருக்கமாக

கலங்கலுக்குக் கறுப்பு வெள்ளைக் கால்பாகங்கள் தீட்டிய 20 சென்டிமீட்டர் செக்கி தட்டைக் கயிற்றில் இறக்குங்கள். மறையும் ஆழம், மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. தரை தட்டிவிட்டால் எண்ணை எழுதாமல் "தரை தெரிந்தது" என்று எழுதுங்கள். கிருமி, கன உலோகம் இதெல்லாம் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டியவை, வீட்டில் முயல வேண்டாம். பறவைகளை வற்றத்தில், சேறு வெளியே தெரியும்போது எண்ணுங்கள், அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசை உள்ளான்கள் இரை தேடுவது அப்போதுதான். மணல் திட்டில் ஆலாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் கிட்டே போகாதீர்கள், தூரத்திலிருந்து பைனாகுலரில் எண்ணினால் போதும். எழுப்பி விட்டு எண்ணும் எண்ணிக்கை எதற்கும் உதவாது.

மீனவர் சொல்வதை அதே வார்த்தையில் எழுதுங்கள். மடவை, கொடுவா, இறால், நண்டு என்று அவர்கள் சொல்கிற பேரையே. நீரோட்டம் தெண்டியா (தெற்கிலிருந்து வருவதா) வன்னியா (வடக்கிலிருந்து வருவதா) என்று கேட்டு அதையும் எழுதுங்கள். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அடியை மூடிப் பரவிய தென் அமெரிக்கச் சிப்பி வகையைக் காக்கா ஆழி என்று பேர் சொல்லி, மஞ்ச மட்டி அழிகிறது, இறால் நிற்க இடமில்லை என்று முறையிட்டவர்கள் அங்கே தொழில் செய்பவர்கள். அது கப்பல்களோடு வந்திருக்கும் என்று கருதப்படுகிறது. அடிமண்ணைத் தினமும் காலால் தொடுகிறவருக்குத் தெரிவது, மாதம் இரண்டு தடவை பாட்டில் இறக்குகிற நமக்குத் தெரியாது.

தாளில் எழுதுவது

பென்சில். பேனா ஈரத்தில் ஓடிவிடும். தேதி, திதி, மணி, தூணில் நீர்மட்டம், வாயின் நிலை, கடந்த மூன்று நாளில் மழை, எழுதியவர் பெயர், கருவியின் எண், அன்று சரிபார்த்ததா என்பது. இத்தனையும் இல்லாமல் வெறும் உப்பு எண் மட்டும் இருந்தால் அந்தத் தாள் பயன்படாது. பார்க்காததைக் காலியாக விடாதீர்கள், "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். பார்த்து ஒன்றும் இல்லை என்றால் 0. இரண்டும் வேறு வேறு. சந்தேகமான எண்ணை அழிக்கவும் கூடாது. பக்கத்தில் ச, ஐ, நி என்று ஒரு எழுத்து, சரி, ஐயம், நிராகரிப்பு, ஏன் என்று ஒரு வரி. அமெரிக்கக் காப்பகங்களிலும் இப்படித்தான், கெட்ட எண்ணைக்கூடக் கொடி குத்தி வைத்திருப்பார்கள், தூக்கி எறிவதில்லை. வீட்டுக்குப் போகும் முன்பே தாளைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று கறாராகச் சொல்கிறேன்: காலில் புண் இருப்பவர் அன்றைக்கு இறங்கக் கூடாது. இது சாக்கடை கலந்த தண்ணீர், எலிக்காய்ச்சல் வரும். கம்பூட், கையுறை, டி.டி. ஊசி, தனியாகப் போகாமை. சேற்றில் முழங்கால் வரை புதையும் இடங்கள் உண்டு, வாய் திறந்திருக்கும்போது இழுப்பு கடுமையாக இருக்கும், உள்ளூர் ஆள் ஒருவர் கூட இல்லாமல் மணல் திட்டுக்குப் போகாதீர்கள்.

முதல் வருஷம் முடிந்ததும் அமாவாசை எண்களை ஒரு நிறத்தில், அஷ்டமி எண்களை இன்னொரு நிறத்தில் தனித்தனிக் கோடாகப் போடுங்கள், வாய் மூடியிருந்த வாரங்களுக்குப் பின்னால் ஒரு பட்டை தீட்டுங்கள். அடித் தண்ணீர் ஆக்சிஜன் அந்தப் பட்டைக்குள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அந்தப் படத்தைப் பெரிய அளவில், முழுக்கத் தமிழில் அச்செடுத்து முதல் பிரதியைக் குப்பத்தில் மீன் ஏலம் போடும் இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் "இந்த மாசம் தப்பு, அப்போ வாயி தொறந்து இருந்துச்சு" என்று விரல் வைத்துக் காட்டினால் உட்கார்ந்து அந்த வாரத்துத் தாளைத் தேடி எடுங்கள்.